வடக்கு மூலையில் மூடாக்கு

ஜூன் 2

வீட்டில் குடியிருப்பவருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை நலத்துக்கு முன்னால் வேறொன்றை அறிய வேண்டியிருக்கிறது. போன திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றதாம். அதிலிருந்து ஏதோ மலைபோல் கொட்டினார்களாம். நீங்களும் உங்கள் மகளும் அதைக் கூடை கூடையாகத் தோட்டத்துக்குள் கொண்டுபோனீர்களாம். யார் சொன்னார் என்று கேட்க வேண்டாம்.

அது என்ன? எங்கிருந்து வந்தது? எதை மூடுவதற்கு?

நீங்கள் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை உங்களைப் பற்றி ஒரு குறை என் காதுக்கு வந்ததில்லை. வந்தாலும் கேட்டிருக்காது. முப்பத்தோரு வருடம் நூற்பாலையில் நின்றதில் காது போய்விட்டது. ஒரு பகல் முழுக்க ரயிலில் வரவேண்டிய தூரத்தில், மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத வீட்டைப் பற்றி நான் கேட்காமல் யார் கேட்பது?

எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


ஜூன் 9

வீட்டுக்காரம்மாவுக்கு வணக்கம்.

கடிதத்தின் மடிப்பில் வெள்ளைப் பொடி இருந்தால் பயந்துவிடாதீர்கள், விஷம் இல்லை. மதிய இடைவேளையில் வேலை மேசையிலேயே எழுதுகிறேன். பல் செட் செய்கிற இடத்தில் எதைத் தொட்டாலும் அச்சு மாவு ஒட்டிக்கொள்ளும்.

வந்தது மரச்சில்லு. மின்கம்பியில் உரசிய கிளைகளை வெட்ட ஆட்கள் வந்தார்கள். வெட்டிய கிளைகளை ஒரு யந்திரத்துக்குள் விட்டுக் கட்டைவிரல் அளவுக்குச் சில்லாக்கினார்கள்.

"இத எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"குப்பைமேட்டுலதான். வேணுமாக்கா?"

"வேணும்" என்றேன். இவ்வளவுதான் சதி.

எதை மூட என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணை மூட. போன கோடையில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலை நான் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். கத்தரிச் செடிகள் தலை தொங்கி நிற்கும். இப்போது பாத்திகளில் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டிருக்கிறேன். தண்டு அழுகாமல் இருக்க, செடியைச் சுற்றி ஒரு சாண் விட்டிருக்கிறேன். நேற்று வண்டு (என் மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர், ஏழு வயது) சில்லை விலக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, மண்ணு வேர்க்குது!" என்று கத்தினாள். மூன்று நாள் தண்ணீர் விடாத மண் அது.

பாத்திக்குப் போக மீந்த சில்லை வடக்கு மூலையில், மதிலோரமாகக் குவித்திருக்கிறேன். அங்கேதான் எதுவும் முளைப்பதில்லை.

யார் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஒன்பதே கால் என்று நிமிடக் கணக்காகச் சொல்ல எங்கள் தெருவில் ஒரே ஒருவர்தான் உண்டு. ரயில் கார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் நோட்டுப் புத்தகத்தை விடாத பக்கத்து வீட்டுக்காரர்.

இன்னொன்று. குழாய் ரிப்பேர் பற்றி உங்கள் மகன் போனில் ஒன்று சொன்னார், மறுநாள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அதனால் அவர் போனை நான் இனி எடுப்பதாக இல்லை. எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாடகைக்கு இருப்பவள்


ஜூன் 16

வீட்டில் குடியிருப்பவருக்கு,

மரம் என்றால் கரையான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்ணில் இருக்கும் சத்தையும் அந்தச் சில்லே உறிஞ்சிவிடும் என்று இங்கே மாடிவீட்டில் தோட்டம் போடுகிறவர் சொல்கிறார். செடி மஞ்சளாகும், பிறகு என்னைக் குறை சொல்வீர்கள்.

பாத்தியில் போட்டதைக்கூட விட்டுவிடுகிறேன். வடக்கு மூலையில் குவித்ததை உடனே அகற்றுங்கள். அந்த மூலையில் தோண்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே பழைய குழாய் போகிறது. பாரம் தாங்காது.

வீட்டுக்காரி


ஜூன் 24

வீட்டுக்காரம்மாவுக்கு,

தோண்டக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். குவிக்கக் கூடாது என்று இல்லை. மறுபடி படித்துப் பார்த்தேன்.

சில்லை மண்ணோடு கலந்தால்தான் சத்து குறையும். மேலே பரப்பினால் ஒன்றும் ஆகாது. என் மிளகாய்ச் செடி கருகருவென்று நிற்கிறது. கரையானையும் தேடினேன். வீட்டுச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பரப்பியிருக்கிறேன். ஒன்றுகூட இல்லை.

சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவரிடம் வடக்கு மூலையைக் காட்டி, "இங்க பழைய பைப்பு எதுவும் போகுதா?" என்று கேட்டேன்.

"எவன் சொன்னான்? பைப்பெல்லாம் தெக்கால போகுது. இந்தப் பக்கம் என்ன இருக்கு, தண்ணி கொண்டுபோக?" என்றார்.

அப்படியானால் குழாய் என்று ஏன் எழுதினீர்கள்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். நான் ஒரு லாரிச் சில்லுக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். நீங்கள் ஒரு மூலைக்கு ஒரு வரி உண்மை எழுதக் கூடாதா?

உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நான் தோண்டப் போவதில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும்.

வாடகைக்கு இருப்பவள்


ஜூலை 1

அந்தப் பழமொழியை ஏன் எழுதினீர்கள்?

உங்களிடம் யார் என்ன சொன்னார்கள்? குழாய்க்காரரா, கார்டா? கார்டுக்கு ஒன்றும் தெரியாதே. நீங்களாகவே எழுதினீர்களா?

எனக்கு ஒன்று புரிகிறது. வீட்டைப் பற்றி ஏதாவது ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு என்னை ஆட்டி வைக்கப் பார்க்கிறீர்கள். நான் ஆலையில் நாற்பது பெண்களை மேய்த்தவள். யார் நூலை அறுத்துவிட்டுத் தானாக அறுந்தது என்பாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். உங்கள் முகம்தான் எனக்கு மறந்துபோய்விட்டது.

ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. மேட்டை அகற்றுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

வீட்டுக்காரி


ஜூலை 10

வீட்டுக்காரம்மாவுக்கு,

பழமொழி எழுதினால்கூடக் குற்றமா? அது ஊரார் எல்லோரும் சொல்வது. உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் அந்த மூலையில் ஏதோ புதைத்திருக்கிறீர்கள் என்று உறுதியானது. என்னவோ, உங்கள் பாடு.

நான் எழுத வந்தது வேறு விஷயம். மேட்டை அகற்றச் சொன்னீர்கள் அல்லவா? வேறு யாரோ அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். இடுப்பு உயரம் இருந்தது இப்போது முழங்காலுக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கிறது. மக்கினால் அமுங்கும், அது எனக்கும் தெரியும். ஆறு வாரத்தில் பாதியா? அதுவும் ஓரமெல்லாம் அப்படியே நிற்க, நடுவில் மட்டும் சட்டிபோல் குழிகிறது. நடுவிலிருந்து அள்ளினால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நான் வேலைக்குப் போகும் நேரம், வரும் நேரம் எல்லாம் தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும். உங்கள் கார்டு ஐயாவின் ரோஜாத் தொட்டிகளில் திடீரென்று சில்லு தெரிகிறது. கேட்டால், "நான் தச்சுப்பட்டறையில வாங்கினதும்மா" என்கிறார்.

நடுவில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்தேன். நாலு நாள் மழைக்குப் பிறகு குச்சி ஒரு சாண் கீழே போயிருக்கிறது. இப்படியும் ஒரு திருடன்!

வண்டுவுக்கு மட்டும் கொண்டாட்டம். சனி, ஞாயிறு முழுக்க அந்தக் குழியில் குதிப்பதுதான் வேலை. "மெத்தை மாதிரி எம்பி எம்பி வருதும்மா, அடியில டம்டம்னு கேக்குது" என்கிறாள். ஈரச் சில்லு எங்கே டம்டம் என்னும்? பிள்ளைகள் சொல்வதற்கு அளவில்லை.

வாடகைக்கு இருப்பவள்


ஜூலை 14

அம்மா,

குழந்தையை அந்த மேட்டிலிருந்து இறக்குங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் இறக்குங்கள். நீங்களும் ஏறாதீர்கள்.

அடியில் கிணறு இருக்கிறது. நிரப்பவில்லை. பலகைதான்.

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. மகன் ஏழு தடவை உங்களுக்குப் போன் செய்துவிட்டான், நீங்கள் எடுக்கவில்லை. இன்று சனிக்கிழமை. கார்டுக்குப் போன் போட்டிருக்கிறான். இது கூரியரில் வருகிறது. வருவதற்குள்


ஜூலை 15

வீட்டுக்காரம்மாவுக்கு,

உங்கள் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. வந்தாலும் பிரிப்பேனா தெரியாது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் பத்தேமுக்கால் மணி. நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வண்டு மேட்டில் இருந்தாள். மதிலின்மேல் ஒரு கை தெரிந்தது, அப்புறம் ஒரு வழுக்கைத் தலை. எழுபது வயது மனிதர் செருப்பில்லாமல் மதில் ஏறுகிறார். கையும் களவுமாகச் சிக்கினான் என்று நினைத்துக்கொண்டு தோட்டம் கூட்டுகிற வாருகோலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பட்டப்பகல்லயே வர்றீங்களா? வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதிலிலிருந்து விழுந்தார். குதித்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். முழங்கை பெயர்ந்து ரத்தம். மேட்டின் ஓரத்தில் குப்புறப் படுத்து, கையை மட்டும் நடுவே நீட்டினார்.

"பாப்பா, குதிக்காத. தாத்தா கையப் புடி. நடக்காத, தவழ்ந்து வா."

"எதுக்கு?" என்றாள் வண்டு. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள், குதிப்பதற்கு.

"குதிச்சா தாத்தா செத்துருவேன். வா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவள் உட்கார்ந்தாள். தவழ்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். குழந்தை அழுதது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. வாருகோலை ஓங்கியபடி நிற்கிறேன், என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா? "ஏன்யா பிள்ளைய இழுக்குற?" என்றேன்.

அவர் வாருகோலை என் கையிலிருந்து வாங்கி, காம்பால் நடுவில் ஒரு குத்துக் குத்தினார்.

முதலில் சில்லு வழிந்தது, அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்ததுபோல். பிறகு ஏதோ முறிந்தது. மேடு முழுக்க உள்ளே போய்விட்டது, வாருகோலும் சேர்த்து. அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்க நேரமானது. எவ்வளவு நேரம் என்று கார்டு ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் நோட்டைத் தொடவே இல்லை.

மூவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். அவர் முழங்கைக்கு மருந்து போட்டேன். "ஐயா, உங்களத் திருடன்னு நினைச்சுட்டேன்" என்றேன்.

"நினைச்சது தப்பில்ல. நானும் உன்னைப் பத்தி அப்படித்தான் எழுதிப் போட்டுட்டு இருந்தேன்" என்றார். பிறகு சொன்னார்: "அந்த மூலையில யாரும் தோண்டாமப் பாத்துக்கன்னு அந்தம்மா சொன்னாங்க. ஏன்னு சொல்லல. இருபத்தெட்டு வருஷம் வண்டிக்குப் பின்னால கொடியோட நின்னவன் நான். எதுக்குக் காவல்னு தெரியாம ஒரு நாள் நின்னதில்லம்மா."

உங்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுதான் ஆறவில்லை.


ஜூலை 19

உங்களை எப்படி விளிப்பது என்று தெரியவில்லை.

குழந்தை பிழைத்ததைக் கார்டு சொல்ல, மகன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். இரண்டு தடவை எழுதச் சொன்னேன்.

நாங்கள் வீடு வாங்கியபோதே கிணறு இருந்தது. ஆறேழு வருடத்தில் தண்ணீர் உப்பாகிவிட்டது. நிரப்பிவிடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு நாள் வேலைவிட்டு வந்தால் மூலை சமமாக இருந்தது. கைப்பிடிச் சுவரை இடித்து, மேலே பலகை போட்டு, தகரம் பரப்பி, முக்கால் அடி மண் போட்டிருந்தார். "இது போதுமா?" என்றேன். "இனிமே அங்க கிணறு இல்லன்னு வெச்சுக்க" என்றார்.

வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்தது. இருபத்திரண்டு வருடம் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு முதலில் குடிவந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. அடுத்து வந்தது நீங்கள், கையில் பிள்ளையோடு. எங்கே நீங்களும் போய்விடுவீர்களோ என்று தோண்டக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தோண்டினால்தானே தெரியும் என்று நினைத்தேன். மேலே பாரம் ஏறும் என்று நினைக்கவில்லை. ஏறியது என்று எழுதினீர்கள், அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் என்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்ற கோபத்தில் என் தப்பு எனக்கே மறைந்துபோனது. நான் உங்களைச் சந்தேகப்பட்டதெல்லாம் பொய். என் பயத்துக்கு உங்கள் முகத்தை மாட்டிவைத்தேன்.

நிரப்புவதற்கு ஆள் பேசிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை வருவார்கள். நீங்கள் வீட்டை விட்டுப் போவதானால் ஒப்பந்தம் உங்களைத் தடுக்காது.

வேறு ஏதாவது மறைத்திருக்கிறேனா என்று கேட்பீர்கள். மாடிப்படியில் மூன்றாவது படி ஆடும். சமையலறை அலமாரிக்குப் பின்சுவர் மழையில் ஈரமாகும், அதற்காகத்தான் அலமாரியை அங்கே வைத்தேன். முன்கதவின் மேல் தாழ்ப்பாள் வெறும் அழகுக்கு. அவ்வளவுதான். என்னை நம்பாதீர்கள், ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.


ஆகஸ்ட் 3

அம்மாவுக்கு,

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான்காவது படியும் ஆடுகிறது. மற்றபடி நீங்கள் சொன்னதுதான்.

கிணற்றை நிரப்பிவிட்டார்கள். ஆறு நாள் வேலை. கார்டு ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியையும் எண்ணினார். இந்த முறை எதற்கு எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியும். கிணற்றுக்குள் விழுந்த சில்லையே முதலில் வெளியே எடுக்கச் சொன்னேன். "கிடந்துட்டுப் போகட்டும்மா, மண்ணோட மண்ணா மக்கிரும்" என்றார்கள். மக்கினால் மறுபடி அமுங்கும். எடுத்தால்தான் ஆயிற்று என்று நின்றேன். கல், சரளை, மண் என்று அடுக்கடுக்காக இடித்து நிரப்பினார்கள்.

போய்விடலாம் என்றுதான் முதல் வாரம் வேறு வீடு பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தரையைக் காலால் தட்டிப் பார்த்தபடி நின்றேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் இப்படித் தட்டிக்கொண்டு திரிவதைவிட, எங்கே என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே வீட்டில் இருப்பது மேல் என்று தோன்றியது. இது மன்னிப்பு இல்லை. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கவலை வண்டு. அவள் தோட்டத்தில் கால் வைப்பதில்லை. பின்வாசல் சிமெண்ட் விளிம்போடு நின்றுவிடுகிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவளுக்கு மூடியதெல்லாம் கிணறு. பாத்திச் சில்லைக் காட்டி, "இதுக்குக் கீழ என்ன?" என்கிறாள். விலக்கிக் காட்டினேன். "மண்ணுக்குக் கீழ?" என்கிறாள். மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி, மண்புழுவைக் காட்டினேன். "புழுவுக்குக் கீழ?" என்கிறாள். நான் எங்கே போய் நிறுத்துவது?

நேற்று, "இந்த வீட்டுப் பாட்டிக்கு எல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"அப்ப அவங்க வந்து சொல்லட்டும்."

உங்களால் வர முடியுமா?


ஆகஸ்ட் 8

வருகிறேன். பன்னிரண்டாம் தேதி காலை ரயில். ஸ்டேஷனுக்கு ஆள் வேண்டாம்.

என்னிடம் பேசும்போது குழந்தையை என் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்தால் எனக்குப் புரியும்.


செப்டம்பர் 2

அம்மாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று உங்கள் மகன் போனில் சொன்னார். எடுத்தேன்.

நீங்கள் இருந்த நாலு நாளும் நான் அதிகம் பேசவில்லை. கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் வண்டுவின் முன்னால் நீங்கள் தரையில் உட்கார்ந்து, "நான்தான் பொய் சொன்னேன். உங்கம்மா இல்ல. அந்தத் தாத்தாவும் இல்ல" என்று சொன்னபோது நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுதேன், உங்களுக்குக் கேட்டிருக்காது.

நீங்கள் வெறுங்காலோடு பாத்தி பாத்தியாக நடந்ததும், ஓரோர் அடிக்கும் அவள் விளிம்பிலிருந்து, "அங்க? அதுக்குப் பக்கத்துல?" என்று கேட்டதும், நீங்கள் திரும்பித் திரும்பி அவள் உதட்டைப் பார்த்துவிட்டு அடுத்த அடி வைத்ததும் நடந்து மூன்று வாரமாகிறது. அப்போது அவள் இறங்கவில்லை. "நீ நடக்கற வரைக்கும் நான் ஊருக்குப் போகல" என்று நீங்கள் சொன்னதையும் அவள் நம்பவில்லை. நீங்கள் போனீர்கள்தானே, அவள் நம்பாததே சரியாகிவிட்டது.

இனிச் செய்தி. மூடாக்கு மறுபடி பரப்பிவிட்டேன். கத்தரி காய்த்துக் கிளை தாழ்கிறது. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். வடக்கு மூலையில் மட்டும் சில்லு போடவில்லை. அங்கே வெறும் மண்ணாகவே இருக்கட்டும், அமுங்கினால் உடனே தெரியட்டும். கார்டு ஐயா தினம் காலையில் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சமமா இருக்கும்மா" என்கிறார். நானும் போய்ப் பார்க்கிறேன். அவர் சொன்ன பிறகும்.

இன்று காலை தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் உள்ளே ஓடிவிடுவாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். விளிம்பில் உட்கார்ந்து, பெருவிரலால் சில்லை அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். பிறகு ஒரு கால் முழுதாக வைத்து எழுந்து நின்றாள்.

"சில்லுன்னு இருக்கும்மா" என்றாள்.

இன்னொரு கால் சிமெண்டிலேயே இருந்தது. அப்படியே வெகுநேரம் நின்றாள். நான் பறித்த தக்காளியையே மறுபடி கூடையிலிருந்து எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.